எந்திரக் கோட்டை எமன்களும் ஒரு பொன்னாடையும்

ஒரு படத்தை ஒரு தடவை பார்த்தவனோடு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கலாம். நான்கு தடவை பார்த்தவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நழுவிவிடுவது நல்லது. நான் நான்கு தடவை பார்த்தவன். என்னிடமிருந்து நழுவ முடியாமல் பொத்தேரியில் ஒரு கல்லூரி அரங்கமே அகப்பட்டுக்கொண்டது.

அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி வீடு. உத்தியோகம் போனாலும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. தெருநாய்கள், தண்ணீர்த் தொட்டிகள், சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காய்த் துண்டுகள் என எதையும் எண்ணாமல் விட மாட்டேன். (கல்யாணப் பந்தியில் எனக்கு அடுத்த இலையில் உட்கார என் மனைவி வசந்தா சம்மதிப்பதில்லை. "எதிர் இலைக்கு எத்தனை வடை விழுந்ததுன்னு என்கிட்ட சொல்லாதீங்க" என்பாள்.) எண்ணாத நேரங்களில் கவலைப்படுவேன். இரண்டுக்கும் நடுவில் சாப்பாடு, தூக்கம்.

ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், தமிழில் குரல் கொடுத்துப் போடும் வெளிநாட்டுப் படங்களை டி.வி.யில் பார்க்க ஆரம்பித்தேன். அப்படி அகப்பட்டதுதான் 'எந்திரக் கோட்டை எமன்கள்'. பெயரைப் பார்த்து மட்டமாக நினைத்துவிடக் கூடாது. அதில் கோட்டையும் கிடையாது, எமனும் கிடையாது.

கதை இதுதான். எதிர்காலத்தில் ஒரு பெரிய நகரம். அங்கே பணக்காரர்களுக்குத் தூங்க நேரமில்லை. தூக்கத்தை வீண்செலவு என்று நினைக்கிறார்கள். அதனால் ஏழைகளைக் கூலிக்கு அமர்த்தித் தங்களுக்குப் பதிலாகத் தூங்க வைக்கிறார்கள். ஏழை தூங்கத் தூங்க, ஒரு எந்திரம் அந்த ஓய்வை உறிஞ்சி மேல்மாடிக்கு அனுப்பிவிடும். மேலே இருப்பவன் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருந்து சம்பாதிப்பான். தூங்கும் கூடங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அப்படித் தூங்கப் போய்த் திரும்பி வராத கணவனைத் தேடி ஒரு பெண் உள்ளே நுழைவாள்.

கூடத்துக்கு இரண்டு காவலர்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. இருவரும் முகத்தை முழுக்க மறைக்கும் தலைக்கவசம் போட்டிருப்பார்கள். படத்தின் உயிரே இவர்கள்தான் என்பது என் கட்சி. எங்கே நின்றாலும் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதுவும் சுத்தமான மெட்ராஸ் பாஷையில்.

"இன்னா நைனா, இம்மாம் பேரு கொறட்ட வுட்டுகினு கீறாங்க, நம்ம ரெண்டு பேரு மட்டும் முழிச்சிகினு கீறோம். பேஜாரா கீதுப்பா."

"மொதலாளி தூக்கத்த இவன் தூங்குறான். இவன் தூக்கத்த எவன் நைனா தூங்குவான்?"

இந்த இரண்டாவது வசனத்தைக் கேட்ட மதியம் நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உழைப்பைப் பற்றி இப்படி ஒரு வரியை யார் எழுத முடியும்? மறுபடி மறுபடி அந்தப் படத்தைப் போட்டார்கள். நானும் மறுபடி மறுபடி பார்த்தேன். இரண்டு காவலர்களும் மொத்தம் நாற்பத்தேழு தடவை பேசுகிறார்கள். எண்ணி வைத்திருந்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

என் மகள் சுகந்தி பொத்தேரியில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். அப்போது அவளுக்கு ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வருடம் ஒரு நிரந்தர இடம் வந்தது. அதற்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். துறைத் தலைவர் ஸ்டெல்லா மேடம் யார் பெயரைப் பரிந்துரைக்கிறாரோ அவருக்குத்தான் கிடைக்கும். அவர் சுகந்தியிடம் ஒரு திரைப்பட விழாவை ஒப்படைத்து, "இதை நல்லா பண்ணு, அப்புறம் பேசலாம்" என்றாராம். விழாவின் தலைப்பு, அறிவியல் புனைகதைப் படங்களில் சமூக விமர்சனம்.

விழாவுக்கு முந்தின நாள், சிறப்பு விருந்தினராக வர வேண்டிய விமர்சகர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சுகந்தி சாப்பிடாமல் ஹாலில் நடந்துகொண்டிருந்தாள்.

"வரலன்னா வரல. படத்தை நேராப் போட்டுடேன்" என்றாள் வசந்தா.

"அம்மா, பொன்னாடை வாங்கியாச்சு. மேடம் கையால போர்த்தணும்னு நிகழ்ச்சி நிரல்ல அடிச்சாச்சு. பொன்னாடை இருக்கு, ஆள் இல்லைன்னா எப்படி?"

நம் ஊரில் இது சாதாரணச் சிக்கல் அல்ல. பேச்சாளர் இல்லாமல் கூட்டம் நடந்துவிடும். போர்த்துவதற்குத் தோள் இல்லாமல் நடக்காது.

"என்ன படம்?" என்று கேட்டேன். அவள் போனில் போஸ்டரைக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஏதோ பெயர். ஆனால் நெட்டையையும் குட்டையையும் எனக்குத் தெரியாதா?

"இதை நான் நாலு தடவை பார்த்திருக்கேனே!"

சுகந்தி நடையை நிறுத்தினாள். "நிஜமாவா? இது ரொம்ப அபூர்வமான படம்ப்பா. உலகம் முழுக்க இதுக்குன்னு ஒரு ரசிகர் கூட்டமே இருக்கு. நீங்க எப்படி...?"

"உன் அப்பனை என்னன்னு நினைச்சே?"

அவள் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. என்னைப் பார்த்து அவளுக்கு அப்படி ஒரு மரியாதை வந்து வெகு காலமாகியிருந்தது. அதை அங்கேயே விட்டிருக்கலாம். பத்து நிமிடம் பேசச் சம்மதித்தேன். அவள் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "இதுல ஒரிஜினல் பிரிண்ட் இருக்கு, ராத்திரிக்குள்ள இன்னொரு தடவை பார்த்துடுங்க" என்றாள். நான்கு தடவை பார்த்தவனுக்கு ஐந்தாவது எதற்கு? பத்திரமாக இருக்கட்டும் என்று பூஜை அறையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தயாரித்தேன். என்ன பேசப் போகிறேன் என்று அவள் கேட்டதற்கு, "அங்கே வந்து கேளு" என்றேன்.

மறுநாள் மூவரும் தாம்பரத்தில் மின்ரயில் ஏறினோம். வழியெல்லாம் வண்டி நின்றுவிடுமோ, மைக் கொரகொரக்குமோ, வேட்டி தடுக்குமோ என்று கவலைப்பட்டேன். நடக்கப் போவது என் கவலைப் பட்டியலிலேயே இல்லை.

அரங்கில் நூற்றுப்பத்து மாணவர்கள், பன்னிரண்டு மின்விசிறிகள், அதில் ஓடாதவை மூன்று. முன்வரிசையில் ஸ்டெல்லா மேடம். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, சிரிக்கவே தெரியாதது போன்ற முகம். பொன்னாடை படத்துக்குப் பிறகுதான் என்றார்கள். முதலிலேயே போர்த்தியிருந்தால் அதை எடுத்து முகத்தையாவது மூடிக்கொண்டிருக்கலாம்.

மைக் கொரகொரக்கவில்லை. நான் பேச ஆரம்பித்தேன்.

"மாணவர்களே, நான்கு தடவை பார்த்தவன் சொல்கிறேன். இந்தப் படத்தைக் கதாநாயகிக்காகப் பார்க்காதீர்கள். அந்த இரண்டு காவலர்களுக்காகப் பாருங்கள். இயக்குநர் தன் சமூக விமர்சனம் முழுவதையும் இவர்கள் வாயில்தான் வைத்திருக்கிறார். இந்தப் படத்தில் விழித்திருக்கும் பாட்டாளிகள் இந்த இரண்டு பேர் மட்டுமே. கண்ணும் விழித்திருக்கிறது, மனமும் விழித்திருக்கிறது. மொத்தம் நாற்பத்தேழு இடங்களில் பேசுகிறார்கள்!"

மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். அது எனக்குப் போதை ஏற்றியது. பேசிக் காட்டத் தொடங்கினேன். நெட்டைக்குத் தொண்டையை இறக்கி, குட்டைக்குத் தொண்டையை ஏற்றி.

"'இன்னா நைனா, மேல கீறவன் ஏசி போட்டுகினு முழிச்சிகினு கீறான், கீய கீறவன் வேர்த்துகினு தூங்கறான். இன்னா நாயம் இது?'"

கைதட்டலும் விசிலும் பறந்தன. மேடையின் ஓரத்தில் சுகந்தி கையை மேலும் கீழும் ஆட்டினாள். இன்னும் சத்தமாகப் பேசச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு சத்தமாகப் பேசினேன். ஸ்டெல்லா மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்துக்கு வந்தவன் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். கடைசியில், "இவன் தூக்கத்தை எவன் தூங்குவான்?" என்று கேட்டு நிறுத்தியபோது அரங்கம் அதிர்ந்தது. வசந்தாகூடக் கை தட்டினாள். (அவள் பிறகு மறுத்தாள். நான் பார்த்தேன்.)

நான் இறங்கி ஸ்டெல்லா மேடத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார, விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது.

கூடம் வந்தது. நெட்டையும் குட்டையும் வந்தார்கள். நான் ஸ்டெல்லா மேடத்தின் பக்கம் சாய்ந்து, "இதோ, இப்போ பேசுவாங்க" என்றேன்.

பேசவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டுகிற ஓசை மட்டும் கேட்டது. இருவரும் சும்மா நடந்து போனார்கள்.

"அடுத்த சீன்ல" என்றேன்.

அடுத்த காட்சியிலும் சொட்டு, சொட்டு. நாற்பத்தேழில் முதல் ஆறு வசனம் அந்நேரம் முடிந்திருக்க வேண்டும். ஒலி அமைப்பில்தான் கோளாறு என்று முடிவு செய்து எழுந்து, இருட்டில் தட்டுத் தடுமாறிப் பின்பக்கம் போய், புரொஜக்டர் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "சவுண்ட் வரலையே, கவனிக்கலையா?" என்று அதட்டினேன்.

"சவுண்ட் வருது சார். தண்ணி சொட்டுது பாருங்க."

"அவங்க பேசறது வரலையேப்பா!"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவங்க பேசல சார்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சுகந்தி குனிந்தபடி வந்து என் காதோரம் கேட்டாள்.

"அப்பா, இந்தப் படத்தை எங்கே பார்த்தீங்க?"

"டி.வி.ல."

"தமிழ்லயா?"

"பின்னே? சைனீஸ்லயா பார்ப்பேன்?"

"கடவுளே! நான் கொடுத்த பென் டிரைவ்?"

"பூஜை ரூம்ல பத்திரமா இருக்கு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக விளக்கினாள். தலைக்கவசத்துக்குள் வாய் அசைவது தெரியாது. படமோ பெரும்பாலும் மௌனம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மௌனம் ஓடினால் ஜனங்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள். எனவே தமிழில் குரல் கொடுத்தவர்கள் இஷ்டத்துக்குப் பேசி நிரப்பியிருக்கிறார்கள். நாற்பத்தேழும் அவர்கள் உபயம். நான் நான்கு தடவை பார்த்தது, கோடம்பாக்கம் பக்கம் ஏதோ ஒரு ஒலிப்பதிவு அறையில் பிறந்த படம்.

"ஜூன்ல எனக்கு என்னப்பா ஆகும்?" என்றாள். அவள் பேராசிரியர் ஆவாளா மாட்டாளா என்பது ஸ்டெல்லா மேடத்தின் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் மேல் நான் முப்பத்தைந்து நிமிடம் மிமிக்ரி செய்திருக்கிறேன்.

இதற்குள் மாணவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நெட்டையும் குட்டையும் அடுத்த முறை திரைக்கு வந்து மௌனமாக நின்றபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"இன்னா நைனா, சார் நம்மள பேச சொல்றாரு, இன்னா பேசறது?"

"வுட்ரு மச்சான், பெரிய மனுசன். ஏதாவது பேசிடுவோம்."

அரங்கம் வெடித்தது. அதன்பின் காவலர்கள் தலை காட்டும்போதெல்லாம் பின்வரிசை குரல் கொடுத்தது. கேன்டீன் பஃப்ஸ் பற்றி, வருகைப் பதிவு பற்றி, ஜி.எஸ்.டி. ரோட்டில் சாலையைக் கடப்பது பற்றி. சுகந்தி எழுந்து போய் அதட்டினாள். அங்கே அடங்கினால் இங்கே கிளம்பியது. ஸ்டெல்லா மேடம் நிமிர்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மின்விசிறிகளை எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான்.

கடைசிக் காட்சி வந்தது. டி.வி.யில் அந்தப் பெண் எந்திரத்தை உடைப்பதோடு படம் முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. அவள் ஓடும்போது நெட்டை வழி மறித்து நிற்கிறான். அவள் அவன் மேல் பாய்ந்து, தலைக்கவசத்தைப் பிடித்துக் கழற்றுகிறாள்.

அவள் தேடி வந்த கணவன்தான் அவன். கண்கள் மூடியிருக்கின்றன. நின்றபடியே தூங்கிக்கொண்டிருக்கிறான்.

காவலர்களும் தூங்குகிறவர்கள்தான். தூக்கத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று, தூங்கும் உடம்பையும் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். படம் முழுக்க அந்த இருவரும் ஒரு நொடிகூட விழித்திருக்கவில்லை. உலகமெங்கும் அந்தப் படத்தைக் கொண்டாடுவது இந்த ஒரு காட்சிக்காகத்தானாம்.

அரங்கில் ஒரு சத்தமில்லை. பின்வரிசைகூட வாயடைத்துப் போயிருந்தது. அந்த நிசப்தத்தில் எங்கோ நடுவரிசையிலிருந்து ஒரு பெண், மிகுந்த மரியாதையோடு, "சார், தூங்கிட்டாங்க சார்" என்றாள்.

நூற்றுப்பத்துத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

விளக்கு எரிந்தது. ஸ்டெல்லா மேடம் எழுந்தார். அதற்குள் சுகந்தி மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க ரெண்டு படம் பார்த்தீங்க. ஒண்ணு இது. இன்னொண்ணு, சார் உங்களுக்குச் சொன்ன படம். அது நம்ம ஊர் டி.வி.ல வந்தது. அதை முழுசா நம்பிட்ட ஒரு ரசிகர் எப்படி இருப்பார்னு என் அப்பா உங்களுக்கு நடிச்சுக் காட்டினார். இப்போ சொல்லுங்க, தூங்கறவன் வாயில வசனம் வைக்க யாருக்கு உரிமை இருக்கு?"

ஒருவன் எழுந்து, அது ஏமாற்று வேலை, படத்தின் மௌனத்தைக் கொன்றுவிட்டார்கள் என்றான். 'தூங்கிட்டாங்க சார்' சொன்ன பெண் எழுந்தாள்.

"அப்படிச் சொல்லிட முடியாது மேம். 'இவன் தூக்கத்த எவன் தூங்குவான்'னு தமிழ்ல எழுதினாரே, அவருக்குப் படம் புரிஞ்சிருக்கு. அவர் தூங்கல."

"அப்புறம் ஏன் காமெடியாக்கணும்?"

"காமெடியா இருந்ததாலதானே சார் நாலு தடவை பார்த்திருக்காரு!"

சண்டை பிடித்துக்கொண்டது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் பேசியதையும் எதிர்த்து மூன்று பேர் பேசினார்கள். என்னையும் மேடையில் ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நடித்து முடித்தவன் எப்படிப் புன்னகை செய்வானோ அப்படிப் புன்னகை செய்ய முயன்றேன். நடித்தது அந்த ஒன்றுதான்.

ஸ்டெல்லா மேடம் பொன்னாடையை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் அதைப் பிரித்து என் தோளில் போர்த்தினார். புகைப்படத்துக்காக இருவரும் நின்றபோது, உதடு அசையாமல் என் காதருகே சொன்னார்.

"பறக்கிற வண்டி வந்து இறங்கும்போது குட்டையன், 'தண்ணி லாரி வந்துட்ச்சி, கொடத்த எட்த்துகினு வா'ம்பானே. அதை ஏன் சார் விட்டுட்டீங்க?"

அது முப்பத்தொன்றாவது வசனம். சமூக விமர்சனத்துக்கு ஒவ்வாது என்று நானே நீக்கியிருந்தேன். அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதே முகம், சிரிக்கவே தெரியாதது போல.

"உங்க பொண்ணு நல்லா சமாளிச்சா" என்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திரும்பும் ரயிலில் வண்டலூர் வந்ததும் சுகந்தி என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்பா, நீங்க நடிச்சீங்க. யார் கேட்டாலும் நடிச்சீங்க. சாகற வரைக்கும் நடிச்சீங்க" என்றாள். வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் பெருங்களத்தூர் தாண்டியும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் நிரந்தர நியமனம் வந்தது. கூடவே வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பதைப் பற்றிப் புதிதாக ஒரு பாடமும் அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தின் முதல் வகுப்புக்கு நான்தான் சிறப்பு விருந்தினர். அதே படம், அதே நெட்டை, அதே குட்டை, எனக்கு அதே மடத்தனம். நிஜமாக ஒரு தடவை செய்ததைப் பொய்யாகச் செய்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டாவது வருடம், "போன தடவை இருந்த இயல்பு இல்லைன்னு சீனியர்ஸ் சொல்றாங்க" என்று விமர்சனம் வந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஏமாளியாக இருக்கப் பயிற்சி எடுத்தேன். வசந்தா அருகில் நின்று, "இன்னும் கொஞ்சம் நிச்சயமா சொல்லுங்க. நீங்க தப்பா பேசும்போது குரல் இதைவிட உறுதியா இருக்கும்" என்று திருத்தினாள்.

வீட்டில் இப்போது நான் எதைச் சொன்னாலும், பால் விலையோ பக்கத்து வீட்டுச் செய்தியோ, "இது ஒரிஜினல்ல இருக்கா, டி.வி.லயா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புகிறார்கள். பேத்திக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இந்த வருட நிகழ்ச்சி முடிந்து படி இறங்கும்போது ஒரு மாணவி ஓடி வந்தாள். என்னோடு படம் எடுத்துக்கொண்டு, கண் விரியக் கேட்டாள்.

"சார், ஒண்ணுமே தெரியாத மாதிரி இவ்ளோ நேச்சுரலா நடிக்கறீங்களே, எவ்ளோ நாள் பிராக்டிஸ் பண்ணீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த வசந்தா பதில் சொன்னாள்.

"எழுபத்திரண்டு வருஷம்மா."

எழுபத்தொன்றுதான் முடிந்திருக்கிறது. நான் திருத்தவில்லை.